பவுலடியார் குடியிருந்த வாடகை வீடு

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



ஆனி பிறந்துவிட்டது. மேற்கே மலையில் மேகம் இறங்கி, தென்காசிக் கடைத்தெரு வரைக்கும் சாரல் விழுகிறது. பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்ற செய்தி வந்த அன்றே நம் ஊர்ப்பக்கம் வேறொரு வேலையும் தொடங்கிவிடும். இலஞ்சியிலும் மேலகரத்திலும் குற்றாலத்திலும் வீட்டு முன்அறையைக் காலி செய்வார்கள். பீரோவைப் பின்னறைக்குத் தள்ளி, பாயை அடுப்படியில் விரித்து, வாசலில் ஒரு அட்டையைத் தொங்கவிடுவார்கள்: 'சீசனுக்கு ரூம் கிடைக்கும்.' செவ்வாய்க்கிழமை ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் அறை சனிக்கிழமை மூவாயிரம் ஆகும். சாரல் திருவிழா நாட்களில் எவ்வளவு ஆகும் என்பது வாசலில் நிற்கிறவருடைய காரைப் பார்த்து முடிவாகும். சிரிக்காதீர்கள், நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆண்டில் மூன்று மாதம் நாம் எல்லோரும் வீட்டுக்காரர்கள்.

மீதி ஒன்பது மாதம் நம் பிள்ளைகள் எங்கோ ஒரு பெரிய நகரத்தில் வாடகைக்காரர்கள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைக்கிறோம்.

நம் பங்கில் ஒரு தாய். கணவர் இல்லை. குற்றாலத்தில் சிறிய வீடு, அதில் இரண்டு முன்அறைகளைச் சீசனுக்கு விடுகிறவர். மகள் பொறியியல் முடித்து, சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். பிடித்தம் போகக் கைக்கு வருவது பத்தொன்பதாயிரம். முதலில் ஒரு மகளிர் விடுதியில் இடம் பிடித்தார்கள். ஓர் அறையில் நான்கு கட்டில். அவளுக்கு இரவு வேலை, மற்ற மூவருக்கும் பகல் வேலை. அவள் விடியற்காலை வந்து படுக்கும்போது மற்றவர்கள் எழுந்து விளக்கைப் போடுவார்கள். அவள் கிளம்பும்போது அவர்கள் தூங்க வேண்டும். ஒருவர் மேலும் குற்றமில்லை, ஆனாலும் நாலு பேருக்கும் நிம்மதி இல்லை. மூன்று மாதத்தில் பிள்ளை இளைத்துப்போய் ஊருக்கு வந்தாள். "ஒரு ரூம் போதும்மா. சின்னதா இருந்தாலும் பரவால்ல, நானே கதவைச் சாத்திக்கணும்" என்றாள்.

கதவைத் தானே சாத்திக்கொள்வது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஐப்பசி மாதம் ஒரு நாள் அந்தத் தாய் பங்கு இல்லத்துக்கு வந்து, "ஃபாதர், எனக்கு மெட்ராசு பழக்கம் இல்ல. ஆம்பளத் துணை இல்லாம போயி வீடு கேட்டா ஒரு மாதிரியா பாப்பாங்க. நீங்க கூட வந்தா நல்லாருக்கும்" என்றார். நமக்கும் குருமடத்துத் தோழர் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. பொதிகையில் ஏறி, விடியற்காலை தாம்பரத்தில் இறங்கினோம். மகள் பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள்.

அந்த இரண்டு நாட்களில் நாங்கள் பதினேழு வீடு பார்த்தோம். பெருங்குடியில் தொடங்கி, துரைப்பாக்கம் போய், வேளச்சேரிக்குத் திரும்பி, மறுபடியும் பெருங்குடி. ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்ட புரோக்கர் ஒருவர் முதல் வீட்டுக்குப் போகும் வழியில், "ஸ்டுடியோ பாக்குறீங்களா சார்?" என்றார். நம் ஊரில் ஸ்டுடியோ என்றால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கிற இடம். அந்தத் தாய் நம் முகத்தைப் பார்க்கிறார், நாம் அவர் முகத்தைப் பார்க்கிறோம். பிள்ளைதான் விளக்கினாள்: ஒரே அறை, அதிலேயே படுக்கை, அதிலேயே அடுப்பு மேடை, ஓரத்தில் ஒரு குளியலறை. அதற்குத்தான் அந்தப் பெயர். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குப் பெயர் பெரிதாக ஆக வாடகையும் பெரிதாகிறது.

நல்லதாகச் சில இருந்தன, அவை பதினைந்தாயிரத்துக்கு மேல். அவளுடைய சம்பளத்தில் அது நடக்காது. எட்டாயிரம் ஒன்பதாயிரத்தில் இருந்தவை பெரும்பாலும் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறைகள். ஐப்பசி மழைக்காலத்திலேயே உள்ளே நிற்க முடியவில்லை, சித்திரையில் எப்படி இருக்குமோ. ஆனால் அறையைப் பற்றிச் சொல்ல நாம் இன்று வரவில்லை. அறைக்கு முன்னால் வந்த கேள்விகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"பேச்சிலரா? ஃபேமிலிக்குத்தான் விடுவோம்." இது முதல் கேள்வி. "நைட் ஷிப்டா? பத்து மணிக்கு கேட் பூட்டிடுவோமே." இது அடுத்தது. "சைவமா?" என்றார்கள். அசைவம் என்றதும் ஒரு பெரியவர் கதவைச் சாத்தவில்லை, நல்ல மனிதர், காபி கொடுத்து அனுப்பினார். ஆனால் வீடு கொடுக்கவில்லை. நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதை யாரும் நேராகக் கேட்பதில்லை. "சொந்த ஊர் எது? தென்காசியா? தென்காசியில எந்தப் பக்கம்? அங்க நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றி வந்துதான் நிற்கும்.

கதவில் சிலுவை மாட்டியிருந்த ஒரு வீட்டைக் கண்டதும் அந்தத் தாய் நெற்றியில் அடையாளம் வரைந்துகொண்டார். "நம்ம ஆளுங்க ஃபாதர், கண்டிப்பா கொடுப்பாங்க." உள்ளே இயேசுவின் திரு இருதயப் படம், கீழே எரிகிற சிவப்பு விளக்கு. வீட்டம்மா அன்போடு பேசினார். எந்தப் பங்கு, எந்த மறைமாவட்டம் என்று கேட்டார். பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்த நான்காவது கேள்வியைக் கேட்டார். நாம் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தோம், குரு என்று அவருக்குத் தெரியாது. பிள்ளை பதில் சொன்னாள். "சரிம்மா, வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு போன் பண்றேன்" என்றார். போன் வரவில்லை. படியிறங்கும்போது அந்தத் தாய் எதுவும் பேசவில்லை. அந்தத் திரு இருதயப் படத்தை நம் பங்கில் எத்தனை வீடுகளில் நாமே மந்திரித்து வைத்திருக்கிறோம் என்று எண்ணியபடிதான் நாமும் இறங்கினோம்.

அன்பு நேயர்களே, திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பவுலடியார் உரோமைக்கு வந்து சேர்கிறார். எருசலேமில் கைதாகி, செசரியாவில் சிறையிருந்து, கப்பல் உடைந்து, மால்தாவில் பாம்பு கடித்தும் பிழைத்து, கடைசியில் உலகத்தின் தலைநகரத்துக்கு வருகிறார். நூலை லூக்கா எங்கே முடிக்கிறார்? பேரரசர் முன்னால் அல்ல. ஒரு வாடகை வீட்டில். இரண்டு ஆண்டுகள் முழுவதும் பவுல் அங்கே தங்கி, தம்மிடம் வந்த எல்லோரையும் வரவேற்றார் என்று எழுதி, பேனாவை வைத்துவிடுகிறார். லூக்கா அங்கே எழுதும் கிரேக்கச் சொல் 'மிஸ்தோமா'. கூலி, வாடகைப் பணம் என்பது அதன் வழக்கமான பொருள். 'வாடகை வீட்டில்' என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், 'சொந்தச் செலவில்' என்று சிலர். எப்படிப் பார்த்தாலும் மாதம் பிறந்தால் பணம் கொடுக்க வேண்டிய நிலையில்தான் திருத்தூதர் இருந்தார்.

அந்தக் காலத்து உரோமை எப்படிப்பட்ட ஊர் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண மக்கள் குடியிருந்தவை மாடி மேல் மாடியாக எழுப்பிய வாடகைக் கட்டடங்கள். 'இன்சுலா' என்று பெயர், தீவு என்று அர்த்தம். தரைத்தளத்தில் கடைகள், அதற்கு மேலே வசதியானவர்கள், ஏற ஏற ஏழைகள். மேல்மாடிக்குத் தண்ணீர் சுமந்து ஏற வேண்டும். தீப்பிடித்தால் முதலில் சாகிறவர்கள் மேலே இருப்பவர்கள். கட்டடங்கள் சரிந்து விழுந்ததால், எழுபது அடிக்கு மேல் கட்டக் கூடாது என்று அகுஸ்து பேரரசர் சட்டமே போட்டார். நகரத்தில் ஓர் இருட்டறைக்கு ஓராண்டுக்குக் கொடுக்கும் வாடகையில் சிற்றூரில் தோட்டத்தோடு நல்ல வீடே வாங்கிவிடலாம் என்று யுவெனால் என்ற கவிஞர் அங்கலாய்த்திருக்கிறார். பத்தொன்பது நூற்றாண்டுக்கு முன்னால்! பெருங்குடிப் படிக்கட்டில் நின்ற அந்தத் தாயும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்: "இந்த அட்வான்சுக்கு இலஞ்சியில ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்திரலாமே ஃபாதர்."

அந்த உரோமை நகரத்தில், கையில் சங்கிலியும் பக்கத்தில் காவலுக்கு ஒரு படைவீரனுமாக வந்து நின்ற ஒரு வேற்றூர் யூதருக்கு யாரோ ஒருவர் வீடு கொடுத்திருக்கிறார். குடும்பம் இல்லாதவர், வழக்கு நிலுவையில் உள்ளவர், நாள் முழுவதும் ஆட்கள் வந்து போவார்கள். நம் ஊரில் எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? அந்த வீட்டுக்காரர் பெயரை லூக்கா எழுதவில்லை. வாடகை வாங்கிக்கொண்டுதான் கொடுத்திருப்பார், இலவசமாக அல்ல. ஆனாலும் கதவைத் திறந்தார். அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் இரண்டாண்டுகள் நற்செய்தி வெளியே போனது.

சரி, வாடகைப் பணம் எங்கிருந்து வந்தது? பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம் இந்த உரோமைச் சிறைக்காலத்தில் எழுதப்பட்டது என்பது திருச்சபையின் பழைய மரபு. எபேசில் எழுதினார், செசரியாவில் எழுதினார் என்று சொல்லும் விவிலிய அறிஞர்களும் உண்டு, அந்த வாதத்தைக் குருமட வகுப்பறைக்கே விட்டுவிடுவோம். அந்தத் திருமுகத்தில் பிலிப்பி ஊர்க்காரர்கள் எப்பப்பிராதித்து என்பவர் கையில் பணமும் பொருளும் கொடுத்து அனுப்பியதைப் பவுல் நன்றியோடு குறிப்பிடுகிறார். கொண்டுவந்த மனிதர் சாகக் கிடக்கும் அளவுக்கு நோயுற்றார், அதையும் சொல்கிறார். பெரிய நகரத்தில் இருக்கும் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க, ஊரில் இருக்கும் ஏழைகள் பணம் சேர்க்கிறார்கள்.

இங்கேயும் அதுதான் நடந்தது. பதினேழாவது வீடு கிடைத்தது. வாடகை ஒன்பதாயிரம், அட்வான்ஸ் எண்பதாயிரம். அந்தத் தாய் ஊருக்குத் திரும்பிய மறுநாள் தம் கழுத்துச் சங்கிலியை, ஐந்து பவுன், அடகுக் கடையில் வைத்தார். கணவர் போட்ட சங்கிலி.

இந்த அட்வான்ஸ் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பேசியே ஆக வேண்டும். நம் பெற்றோர் பலருக்குச் சட்டம் தெரியவில்லை. வீட்டுக்காரர் சொன்னதே சட்டம் என்று நினைக்கிறார்கள். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நம் மாநிலத்தில் இப்போது நடைமுறையில் இல்லை. 2017இல் நிறைவேற்றி, 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இருக்கிறது, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் சொல்லும் சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாத வரையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன்னால் படித்துப் பாருங்கள், அந்த ஒரு வரியில்தான் எண்பதாயிரம் ஒளிந்திருக்கும். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். குடியிருப்பவர் அறைக்குள் வீட்டுக்காரர் நுழைய வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி மிரட்டக் கூடாது. தனி அறை கட்டாது என்கிறவர்களுக்கு அரசே நடத்தும் 'தோழி' என்ற பணிபுரியும் மகளிர் விடுதிகள் சென்னையிலும் வேறு சில நகரங்களிலும் இருக்கின்றன. போகுமுன் விசாரியுங்கள்.

இது என்ன மறையுரையா, வக்கீல் ஆலோசனையா என்று யாராவது நினைக்கலாம். இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிறருக்குக் கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை எடுக்க அவருடைய வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், அவரே கொண்டுவந்து தர வேண்டும் என்று அங்கே இருக்கிறது. ஏழை ஒருவர் தம் போர்வையை அடகாகக் கொடுத்திருந்தால் கதிரவன் மறைவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவர் அதைப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும் அல்லவா என்று இருக்கிறது. மூவாயிரம் ஆண்டுப் பழமையான அந்த ஏற்பாட்டில் இரண்டு காரியங்களைக் கடவுள் காப்பாற்றுகிறார்: ஏழையின் வாசற்படி, ஏழையின் தூக்கம். 24 மணி நேர முன்னறிவிப்பும் ஒரு மாதத் தவணையும் அந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளைகள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பிள்ளைக்கு என்ன நடந்தது? ஆறு மாதம் அந்த அறையில் இருந்தாள். கரண்ட் பில்லை வீட்டுக்காரர் தனி மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே வைத்த விலையில் வாங்கினார், அரசு தரும் 100 யூனிட் சலுகை மாடிக்கு ஏறி வரவே இல்லை. அவள் வேலைக்குப் போன நேரத்தில் இருமுறை அறையைத் திறந்து பார்த்திருக்கிறார். "டேங்க் வழியுதான்னு பாத்தேன்" என்றாராம். ஏப்ரலில் அலுவலகம் சிறுசேரிக்கு மாறியது, வேறு வழியில்லாமல் காலி செய்தாள். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை, பதினோரு மாதம் முடியுமுன் போவதால் ஒரு மாத வாடகை, சுவரில் ஆணி அடித்ததற்கு இரண்டாயிரம் என்று கழித்தார். மீதியை, அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் தருவேன் என்றார். ஜூன் மாதம் பாதி வந்திருக்கிறது. இங்கே அடகுக் கடையில் சங்கிலிக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ஓர் அடகு அங்கே, ஓர் அடகு இங்கே, நடுவில் ஒரு தாயின் தூக்கம். (அந்த ஆணியில் பிள்ளை மாட்டியிருந்தது என்ன என்று கேட்டோம். செபமாலையும் அலுவலக அடையாள அட்டையும்.)

இது ஒரு பிள்ளையின் கதை. தொழிற்சாலைகளுக்குப் போகும் நம் பெண்பிள்ளைகள் நிலை இன்னும் கடினம். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற தோழிகளுக்காக நூற்றுக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது நினைவிருக்கும். சம்பளத்துக்காக அல்ல, தங்குகிற இடத்துக்காக உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான், 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியை அரசு திறந்தது. உறைவிடம் வேலையைவிடச் சின்ன விஷயம் அல்ல என்று அந்தப் பிள்ளைகள் சாலையில் உட்கார்ந்து நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை 1987ஐ வீடற்றோர் ஆண்டாக அறிவித்தபோது, உரோமையிலிருந்து நீதி அமைதி ஆணையம் ஓர் ஆவணம் வெளியிட்டது. வீடற்ற உன் சகோதரனுக்கு என்ன செய்தாய் என்பதுதான் அதன் தலைப்பு. காயினிடம் கடவுள் கேட்ட கேள்வியின் சாயல் அதில் இருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் 2015இல் வாஷிங்டன் நகரில், நாடாளுமன்றத்தில் பேசி முடித்த கையோடு வீடற்ற மக்களைச் சந்திக்கப் போனார். இறைமகனே வீடில்லாதவராகத்தான் இந்த உலகுக்கு வந்தார் என்று அவர்களிடம் சொன்னார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த வாரம் முழுவதும் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்.

நம் கோயிலுக்குச் சொந்தமாகப் பின்பக்கத்தில் நான்கு வரிசை வீடுகள் இருப்பது பங்கு மக்களுக்குத் தெரியும். போன ஆண்டு தவக்காலத்தில் ஒன்று காலியாக இருந்தது. பிரானூர் பார்டர் பக்கம் ஒரு பரோட்டா கடையில் வேலை செய்யும் மூன்று பையன்கள், அசாம் மாநிலத்தவர்கள், அதைக் கேட்டு வந்தார்கள். கடையின் பின்னால் மாவு மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டிருந்தவர்கள். பங்குப் பேரவையில் பேசினோம். தனிப் பையன்கள் வேண்டாம், குடும்பமாக இருந்தால் பார்க்கலாம் என்றார் ஒருவர். வடக்கத்தியான்களை நம்பி விட முடியாது, பெண்பிள்ளைகள் இருக்கிற இடம் என்றார் இன்னொருவர். எந்த மதமோ என்றும் ஒரு குரல் வந்தது. தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பங்குத்தந்தை. எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை, தலையசைப்புதான். அந்த வீடு அதன்பின் எட்டு மாதம் பூட்டியே கிடந்தது. அந்தத் தவக்காலம் முழுவதும் வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பூட்டிய வீட்டுக்கு முன்னால்தான் சிலுவைப்பாதை நடத்தினோம்.

சென்னைப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியபோது, ஒவ்வொரு வாசலிலும் நமக்கு அந்தக் கூட்டம் நினைவுக்கு வந்தது. பேச்சிலரா? எந்த ஊர்? என்ன ஆளுங்க? கேள்விகள் புதியவை அல்ல. நம் பங்கு அலுவலகத்தில், நம் முன்னிலையில், நம் மக்களே கேட்டவைதான். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் தங்கியிருக்கும் அன்னியர்கள்தான் என்று லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். கோயில் பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் அந்த நான்கு வீட்டுக்கும் உண்மையான வீட்டுக்காரர் அவர்தான். அவரும் அட்வான்ஸ் கேட்கவில்லை, ஊர் பேர் கேட்கவில்லை, பூட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவருகைக் காலத்தில் பேரவையை மறுபடி கூட்டினோம். எளிதாக முடிந்தது என்று சொன்னால் பொய். இரண்டரை மணி நேரம் ஆனது. கடைசியில், ஆதார் நகலைக் காவல் நிலையத்தில் கொடுப்பது, எழுத்தில் ஒப்பந்தம், இரண்டு மாத முன்பணம் என்ற ஏற்பாட்டோடு சாவியைக் கொடுத்தோம். அன்று எதிர்த்த பெரியவர் இன்றும் எதிர்க்கிறார். அவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மோட்டாரை நிறுத்த மறந்து ஒருமுறை தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டுக்குள் போனது, இரவு ஒரு மணிக்குக் கடை முடிந்து வந்து போனில் சத்தமாகப் பேசுகிறார்கள். அதைப் பேசித் தீர்த்துக்கொள்கிறோம், ஓரளவுக்கு. ஒரு குடும்பம் இருந்தாலும் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்று பக்கத்து வீட்டு அக்காவே சொன்னார்.

அந்தத் தாயையும் போன வாரம் பார்த்தோம். சீசனுக்காக முன்அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். "ஃபாதர், மெட்ராசுக்காரங்க நம்மகிட்ட கேட்டதைத்தான நாமளும் சீசன்காரங்ககிட்ட கேக்கோம்? யாரு எவருன்னு துருவுறதும், டம்ளர் ஒண்ணு குறைஞ்சா அட்வான்சைப் பிடிக்கிறதும்" என்றார். இந்த ஆண்டு வாடகையை அட்டையில் எழுதியே தொங்கவிட்டிருக்கிறார், காரைப் பார்த்து மாறாது. காலி செய்யும்போது அட்வான்சை உடனே கையில் கொடுத்துவிடுகிறாராம். சனி ஞாயிறு ரேட்டையும் குறைத்துவிட்டீர்களா என்று கேட்டோம். சிரித்துவிட்டார். "அதைக் குறைச்சா நகை வட்டியை யாரு கட்டுவா ஃபாதர்?" நாமும் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரே நாளில் சக்கேயு ஆகிவிட எல்லோராலும் முடியாது. சக்கேயுவுக்கு அடகில் சங்கிலி இல்லை.

இனி ஒரு காரியம். இந்த ஜூன், ஜூலையில் படிப்பு முடித்துப் பிள்ளைகள் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்புகிறார்கள். போனதும் முதல் நாளே புரோக்கர் கையில் சிக்கி, பயத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒரு வாரம் தங்க ஓர் இடம் இருந்தால் நிதானமாக வீடு பார்க்கலாம். கொரிந்துக்குப் போன பவுலுக்கு அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் இடம் கொடுத்தார்கள். அவர்களும் உரோமையிலிருந்து துரத்தப்பட்டு வந்து, அங்கே புதிதாகக் குடியேறியவர்கள்தான். புதிதாக வந்தவர் படும் பாடு புதிதாக வந்தவருக்குத்தான் தெரியும். நம் பங்கிலிருந்து போய் அந்த நகரங்களில் காலூன்றியவர்கள் எழுபது எண்பது குடும்பமாவது இருக்கும். திருவிழாவுக்கு வருகிறீர்கள், சப்பரம் தூக்குகிறீர்கள், அசனத்துக்கு நன்கொடை தருகிறீர்கள். இந்த ஆண்டு நன்கொடைக்குப் பதிலாக உங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழு நாள் ஒரு பாய் விரிக்க இடம் கேட்கிறோம்.

பங்கு அலுவலகத்தில் ஒரு நீளமான நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம். இடப்பக்கம், எந்த நகரம், எந்தப் பகுதி, ஆணுக்கா பெண்ணுக்கா, எத்தனை நாள் தங்க வைக்க முடியும் என்று எழுதுங்கள். வலப்பக்கம் போகிற பிள்ளைகள் எழுதட்டும். ஜாதி என்று ஒரு கட்டம் அதில் கிடையாது, யாரும் புதிதாகக் கோடு போட்டுச் சேர்க்கவும் வேண்டாம். நம் பங்கைச் சேராத பிள்ளைகளும், நம் மறையைச் சேராத பிள்ளைகளும் எழுதலாம். இதுவரை இடப்பக்கம் நான்கு பெயர், வலப்பக்கம் பதினொன்று. இடப்பக்கத்து முதல் பெயர் அந்தப் பிள்ளையுடையது. சிறுசேரியில் இன்னொரு பெண்ணோடு பங்கிட்டு ஓர் அறை எடுத்திருக்கிறாள், பெண்பிள்ளை ஒருவரை ஐந்து நாள் வரை தங்க வைக்க முடியும் என்று எழுதியிருக்கிறாள்.

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் அலுவலகம் மதியம் வரை திறந்திருக்கும். நோட்டு சன்னல் ஓரத்து மேசையில் இருக்கிறது, பேனாவையும் நூல் கட்டி அங்கேயே வைத்திருக்கிறோம்.